வெந்நீர் கலக்காத சூப்

அத்தியாயம் பதினொன்று

சோயா விழுது கரைத்த அந்த மிஸோ சூப்பைக் கனாயே பதினான்கு வருடமாகத் தினமும் காலையில் குடித்துவருகிறாள். அதில் உப்பு வெறும் 0.6 சதவீதம்தானாம். எந்தக் கருவி சொன்னாலும் அவள் நாக்கு அதை நம்பத் தயாராக இல்லை.

போன வாரம் சவாயிரி பகுதியின் அறுபத்து நான்கு வீடுகளிலிருந்தும் வீட்டுக்கொரு சின்ன பாட்டிலில் சூப் வந்தது. உப்புமானியை முக்கி முக்கி எடுத்தார்கள். எல்லா வீட்டிலும் 0.4, 0.5, 0.6, மிஞ்சிப்போனால் 0.7. தோச்சிசாவா நகராட்சியிலேயே இவ்வளவு குறைவு வேறு எங்கும் இல்லை.

நகராட்சி எழுத்தர் போனில் கத்தியே விட்டார்.

"வாழ்த்துகள் மேடம்! உங்க மாமியார் ஊர்தான் முதலிடம்! அப்புறம் என்ன, அங்க வாரம் ரெண்டு தடவை போற நர்ஸ் வண்டியை வேற பகுதிக்கு மாத்திடலாம்."

இந்தக் குளிர்காலத்தில் மட்டும் சவாயிரியில் மூன்று பேருக்குப் பக்கவாதம். அதில் இரண்டு பேர் இன்று நடமாடுகிறார்கள் என்றால், அந்த நர்ஸ் வண்டி சரியான நேரத்தில் வாசலில் நின்றதுதான் காரணம்.

நகராட்சி சுகாதார நிலையத்தின் தலைவியாக அவள் பொறுப்பேற்று நான்கு மாதம்தான் ஆகிறது. இன்னொரு முறை அளக்க அனுமதி கேட்டாள். கொடுத்தார்கள். இன்று பிற்பகல் மூன்று மணிக்குள் கணக்கு போய்ச் சேர வேண்டும். நாளை நகரமன்றக் கூட்டம். வண்டி இருக்குமா, போகுமா என்பது அங்கே முடிவாகிவிடும்.

எழுத்தருக்குத் தெரியாத ஒரு விஷயம் அவளுக்குத் தெரியும். சவாயிரி முழுக்கப் பொய் சூப் கொடுத்திருக்கிறது. முதல் பொய் அவள் வீட்டுச் சட்டியிலிருந்து போனது.

"அத்தை, இன்னிக்கு இந்தச் சூப்பை இப்படியே எடுத்துட்டு வாங்க."

மாமியார் சுமியே அகப்பையைச் சட்டியின் விளிம்பில் தட்டினாள். எழுபத்திரண்டு வயதிலும் முதுகு வளையாத பெண்மணி.

"இப்படியேன்னா எப்படி?"

"அடுப்புலேருந்து இறக்கினபடியே."

"போன வாரம் கொண்டுவந்தது மட்டும் பக்கத்து வீட்டுச் சூப்பா?"

கனாயே பையிலிருந்து உப்புமானியை எடுத்துத் தன் கிண்ணத்தில் முக்கினாள். முள்ளங்கித் துண்டுகளுக்கு நடுவே அது இரண்டு முறை கண்சிமிட்டி நின்றது. 1.6.

சுமியே அதைப் பார்த்தும் பார்க்காதவள் போல் நொசாவானாக் கீரை ஊறுகாயை நறுக்கத் தொடங்கினாள். கத்தி பலகையில் வேகமாக விழுந்தது.

"பதினோரு வருஷமா ஊர்க்கூடத்துல சமையல் வகுப்பு நடத்துறேன். உப்பைக் குறைங்க, உப்பைக் குறைங்கன்னு தொண்டை வத்தக் கத்துறேன். நான் போயி 1.6 பாட்டிலை மேஜை மேல வைக்கணுமா? நீ தலைவி ஆனதுக்கு நான் தலையைக் குனியணுமா?"

"உங்க பேரே வராது, அத்தை."

"ஒகாஜிமாவும் அப்படித்தான் சொன்னாரு."

ஒகாஜிமா, கனாயேவுக்கு முன்பிருந்த சுகாதார நிலையத் தலைவர். அவரும் ஒரு வருடம் சூப் அளந்தார். அளந்த மறுநாள், உப்பு அதிகமுள்ள ஒன்பது வீடுகளின் பெயரைச் சிவப்புத் தாளில் எழுதி ஊர்க்கூடத்து வாசலில் ஒட்டிவிட்டார். அதில் ஒரு வீட்டு மருமகள் ஒரு மாதம் கடைக்கே வரவில்லை.

கதவு திறந்து குளிர் காற்று உள்ளே வந்தது. பின்னாலேயே ஷூஹெய். விடியற்காலையிலிருந்து நகராட்சியின் பனி வாரும் வண்டியை ஓட்டிவிட்டுச் சாப்பிட வந்திருந்தான். மனைவி முகத்தைப் பார்த்தான். அம்மா கத்தியைப் பார்த்தான்.

"நான் வேணா மறுபடி போயி பனி அள்ளட்டுமா?"

"உக்காந்து சாப்பிடு," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

*

ஒன்பது மணிக்கு ஊர்க்கூடத்துக்குப் போன கனாயே, முன்வாசலில் ஒருவரும் இல்லாததைப் பார்த்துத் திடுக்கிட்டாள். ஆனால் பனியில் காலடித் தடங்கள் நிறைய இருந்தன. எல்லாம் கூடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போயின.

பின்னால் சைக்கிள் கொட்டகை. அங்கே நாற்பது பெண்களாவது இருப்பார்கள். ஏழெட்டு ஆண்களும். வரிசையாக நின்றார்கள். வரிசையின் முனையில் பக்கத்து வீட்டு மசுயோ, கையில் பெரிய ஃபிளாஸ்க்குடன்.

"பாதி ஊத்து, பாதி ஊத்து! மசுயோ அக்கா, எனக்கு இன்னும் கொஞ்சம்."

"போதும்டி. போன வாரம் உனக்கு 0.4 வந்துச்சு. அது சூப்பா, குளிக்கிற தண்ணியா? இந்தத் தடவை சந்தேகம் வராத மாதிரி கலக்கணும்."

"என்னுதுல கடல்பாசி மட்டும்தான் மிதக்குது."

"மிதக்கட்டும். அழகா இருக்கு."

கனாயே கொட்டகையின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபம் வரும் என்று நினைத்தாள். வந்தது சிரிப்பு. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. அந்தச் சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள். மசுயோ ஃபிளாஸ்க்கை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அதன் வாயிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"மசுயோ அக்கா, எனக்கும் கொஞ்சம் வெந்நீர். கை விறைச்சுப்போச்சு."

யாரும் சிரிக்கவில்லை. பகுதித் தலைவர் தொகுஜி மட்டும் ஒருமுறை இருமினார். ஆப்பிள் தோட்டக்காரர், கம்பீரமான ஆள். இப்போது அவர் கையிலும் ஒரு பாட்டில். அதுவும் வெளுத்துத்தான் இருந்தது.

"மினோவா வீட்டு மருமகளே," என்றார். பதவியேற்று நான்கு மாதமாகியும் அவளைத் தலைவி என்று இங்கே யாரும் கூப்பிட்டதில்லை. "பாத்தது பாத்துட்டே. சிவப்புத் தாள் எத்தனை கொண்டாந்திருக்கே?"

"ஒண்ணுகூட இல்லீங்க. ஆனா ஒரு விஷயம் சொல்லணும். உள்ள வாங்க. இங்க நின்னா சூப்போட நாமளும் ஆறிடுவோம்."

உள்ளே அடுப்பு எரிந்தது. அவள் சுற்றி வளைக்கவில்லை.

"போன வாரம் நீங்க குடுத்த சூப்பால சவாயிரிதான் நகராட்சியிலேயே ரொம்ப ஆரோக்கியமான ஊருன்னு முடிவாகிடுச்சு. அதனால நர்ஸ் வண்டியை எடுத்துடப் போறாங்க."

"என்னது?"

"ஆரோக்கியமான ஊருக்கு வண்டி எதுக்குன்னு கேக்குறாங்க."

மசுயோ பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்று பக்கவாதத்தில் ஒன்று அவள் புருஷனுக்கு வந்தது. நர்ஸ்தான் அவன் வாய் கோணுவதைக் கண்டுபிடித்தவள்.

"ஐயையோ. நானே என் கையால வெந்நீர் ஊத்தி அந்த வண்டியைத் தள்ளி விட்டுட்டேனா?"

"இன்னும் நேரம் இருக்கு. மூணு மணிக்குள்ள நிஜ சூப் வேணும். வீட்டுல இருக்கிறபடி, ஒரு சொட்டுத் தண்ணி கலக்காம. பாட்டில்ல பேர் எழுத வேண்டாம். இந்த டப்பாவுல எண் சீட்டு இருக்கு. நீங்களே ஒண்ணு எடுத்து ஒட்டுங்க. எது யாரோடதுன்னு எனக்கே தெரியாது."

முகங்கள் இளகுவது போல் இருந்தது. அப்புறம் பின்வரிசையில் யாரோ சொன்னார்கள்:

"பாட்டிலைப் பாத்தா தெரியாதா? எங்க வீட்டு பாட்டில் பச்சை."

"பேர் வராதுன்னு முன்னாடியும் சொன்னாங்க."

"மறுநாளே ஒட்டினாங்க."

தொகுஜி கையை உயர்த்தினார். அவர் பார்வை அவளைத் தாண்டி வாசல்பக்கம் போனது. அங்கே கை வைத்த வெள்ளை ஏப்ரனும் சமையல் தொண்டர் கைப்பட்டையுமாகச் சுமியே நின்றுகொண்டிருந்தாள். கையில் துணி சுற்றிய பாட்டில்.

"நாங்க கேக்குறது ஒண்ணுதான்," என்றார் தொகுஜி. "உங்க வீட்டுச் சூப்புல உப்பு எவ்வளவு?"

ஐம்பது பேர் கனாயேயைப் பார்த்தார்கள்.

ஒரே ஒரு எண். 1.6 என்று அவள் வாயைத் திறந்தால் போதும். பதினோரு வருடம் பாடம் நடத்தியவள் வீட்டிலேயே அவ்வளவென்றால் மற்றவர்களுக்கு என்ன வெட்கம்? ஐந்து நிமிடத்தில் எல்லோரும் ஓடிப்போய் நிஜ சூப்பைக் கொண்டுவருவார்கள். வண்டி தப்பிக்கும்.

சுமியே கண்ணை இமைக்கவில்லை. அவள் கை பாட்டிலின் துணியை இறுக்கியது.

"சொல்ல மாட்டேன்," என்றாள் கனாயே.

"ஏன்?"

"அது ஒருத்தரோட சூப். அவங்க சொன்னா சொல்லலாம். நான் சொல்லக் கூடாது. உப்பு மட்டுமில்ல, பி.பி., சர்க்கரை, எதுவா இருந்தாலும் சரி. இந்த மேஜையில பாத்தது என் வாயிலேருந்து வெளியே போகாது. என் வீட்டுக்காரர் கேட்டாலும் சொல்ல மாட்டேன். நகரத் தலைவர் கேட்டாலும் மாட்டேன்."

"நல்லாத்தான் பேசுறே," என்றார் தொகுஜி மெதுவாக. அவ்வளவுதான். ஒவ்வொருவராக எழுந்தார்கள். பூட்ஸ் மாட்டும் சத்தம். மணி பத்தரை.

தோற்றுவிட்டோம் என்று கனாயே நினைத்தாள். சுமியேயைத் தேடினாள். வாசலில் ஆளில்லை.

அப்போதுதான் சுவரிலிருந்த ஒலிப்பெட்டி கரகரத்தது.

சவாயிரியில் எல்லா வீட்டுச் சுவரிலும் அந்தப் பெட்டி உண்டு; ஊர்க்கூடத்து அலுவலறை மைக்கில் பேசினால் எல்லாவற்றிலும் கேட்கும். பனிச்சரிவு, தீ, கரடி என்றால் மட்டும் வாயைத் திறக்கும். பூட்ஸ் மாட்டியவர்கள் அப்படியே நின்றார்கள்.

"இந்த நேரத்துல கரடியா?" என்றாள் மசுயோ.

"கவனிக்கவும். கவனிக்கவும்." கரடி இல்லை. சுமியே. "நான் மினோவா சுமியே பேசுறேன். என் வீட்டு மிஸோ சூப்புல உப்பு 1.6."

கூடத்தில் யாரோ "ஹா!" என்றார்கள்.

"பதினோரு வருஷமா உங்களுக்கெல்லாம் உப்பைக் குறைக்கச் சொன்னேன். வீட்டுக்குப் போயி என் சட்டியில ஒரு கரண்டி கூடப் போட்டேன். உப்பு கம்மியா இருந்தா எனக்கு சோறு இறங்காது. போன வாரம் சூப்பை விட வெந்நீரைத்தான் அதிகமா கலந்தேன். அந்த வெந்நீர் மசுயோ ஃபிளாஸ்க்கிலேருந்துதான்."

"என்னை ஏன் இழுக்குறா!" என்றாள் மசுயோ.

"என் மருமகளுக்கு இதெல்லாம் தெரியும். இப்ப ஐம்பது பேர் முன்னால அவளைக் கேட்டாங்க. அவ சொல்லல. சொல்லியிருந்தா அவ வேலை சுலபமா முடிஞ்சிருக்கும்." பெட்டி சற்று மூச்சு வாங்கியது. "அதனால நானே சொல்றேன். இப்ப வீட்டுக்குப் போயி நிஜ சட்டியிலேருந்து எடுத்துட்டு வரேன். நீங்களும் வாங்க. மருமகப் பொண்ணுங்களா, மாமியார் மறைச்சு வெச்சா அடுப்புலேருந்தே தூக்கிட்டு வாங்க. அவ்வளவுதான். முடிஞ்சுது."

தொகுஜி தன் பாட்டிலைத் திறந்து வெளுத்த சூப்பைத் தொட்டியில் கவிழ்த்தார்.

"நகருங்க, நகருங்க, வழி விடுங்க!"

*

அதற்கப்புறம் நடந்ததைச் சவாயிரி ரொம்ப நாள் பேசும்.

பாட்டிலில் ஊற்றப் பொறுமையில்லாமல் சிலர் சட்டியோடு வந்தார்கள். ஒருவர் மதியச் சோற்றுக் கிண்ணத்தையே ஏந்தி வந்தார், பாதி குடித்திருந்தது. மேட்டு வீடுகள் பதினொன்றுக்குப் பாதை பனியில் மூடிவிட்டதென்று செய்தி வந்ததும் ஷூஹெய் வண்டியைத் திருப்பினான். பனியை இருபுறமும் வாரி வீசிக்கொண்டு மலையேறியவன், முக்கால் மணி நேரத்தில் பதினொரு சூப்போடு திரும்பினான். மடியில் நான்கு, இருக்கையில் ஏழு.

"ஒண்ணுல பாதி என் கால்சட்டையில கொட்டிடுச்சு," என்றான். "பிழிஞ்சு தரவா?"

"மீதி இருக்கிறது போதும், குடுங்க!"

கனாயே அளந்தாள், வண்டியில் வந்த நர்ஸ் எழுதினாள். பதினேழாம் எண் 1.4. நாற்பதாம் எண் 1.5. ஆறாம் எண் 1.8. சீட்டைக் கையில் மறைத்து வாங்கிப்போனவர்கள், அரைமணி நேரத்தில் அதை நெற்றியில் ஒட்டிக்கொள்ளாத குறைதான்.

"ஆறு என்னுது!" என்றார் தொகுஜி. "யாருக்காவது 1.8க்கு மேல இருக்கா?"

"தலைவரே, இது ஆப்பிள் போட்டி இல்லீங்க. நம்பரை வெளியே சொல்லாதீங்க!"

"நீதான் சொல்லக் கூடாது. என் சூப்பு, நான் சொல்வேன்."

இரண்டு மணி இருபதுக்கு அறுபத்து நான்காவது சீட்டு ஒட்டப்பட்டது. சராசரி 1.5. கனாயே போனை எடுத்தாள். கூடம் முழுக்கக் கூட்டம், ஒருவர் தோள்மேல் ஒருவர். எழுத்தரின் குரல் எல்லோருக்கும் கேட்கும்படி பிடித்தாள்.

"மேடம், இது... சவாயிரிதான் எல்லாத்தையும் விட மோசம்! இந்த நம்பரை வெச்சுக்கிட்டு நாளைக்கு எவனும் வண்டியைத் தொட முடியாது!"

"கடைசி இடமா?" என்று கத்தினாள் மசுயோ.

"கடைசி இடம்தான்!"

சவாயிரி கைதட்டியது. குதித்தது. முதலிடம் வந்தபோதுகூட இவ்வளவு சத்தம் இல்லை. தொகுஜி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேஜைக்கு வந்து, தொப்பியைக் கழற்றி இடுப்பு வளைய வணங்கினார்.

"நல்ல வேலை செஞ்சீங்க, தலைவி."

கனாயேயும் வணங்கினாள். நிமிரக் கொஞ்சம் நேரமாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொள்ள அதுதான் வசதி.

*

மூன்று மணிக்குக் கூட்டம் தேநீர்ப்பக்கம் நகர்ந்தது. திரைக்குப் பின்னாலிருந்த சோதனை மேஜைக்குச் சுமியே வந்து உட்கார்ந்தாள். ஏப்ரன் கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

"உப்பைத்தான் சொல்லியாச்சு. பி.பி.யையும் பாத்துடு."

"நிஜமாவா, அத்தை? ஊர்ல எல்லாருக்கும் பி.பி. பட்டை கட்டி விடுவீங்க, உங்க கையை மட்டும் நீட்டினதே இல்லையே."

"ரொம்பப் பேசாதே. மூணு நாளா பின்மண்டை வலிக்குது. மைக்குல கத்தினதுல இன்னும் கூடிப்போச்சு."

கனாயேயின் சிரிப்பு நின்றது. பட்டையைக் கட்டினாள். கருவி உறுமியது, காற்றை விட்டது. 204, கீழே 112. மறுபடி கட்டினாள். 206.

எண்ணைச் சீட்டில் எழுதி மாமியாரிடம் காட்டினாள். வாயால் சொல்லவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் ஊரே தேநீர் குடித்துக்கொண்டிருந்தது.

"உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும், அத்தை. இப்பவே."

"நாளைக்குப் போவோம். ஷூஹெய்கிட்ட சொல்லிடாதே. அவங்கப்பா போனதும் இதுலதான். பயந்துடுவான்."

"அத்தை..."

"என்கிட்ட முகத்தைச் சுருக்காதே. நீ சொன்னதுதானே. இந்த மேஜையில பாத்தது வெளியே போகாதுன்னு. வீட்டுக்காரர் கேட்டாலும்னு."

திரை விலகியது. ஷூஹெய். சூப் வாடை வீசும் கால்சட்டையோடு, காதுவரை சிரிப்போடு.

"அம்மாவுக்கும் பாத்தியா? சாதனைதான் போ! எவ்வளவு இருக்கு?"

கனாயே சீட்டை மடித்தாள்.

"எவ்வளவுன்னு கேட்டேன்."

அவன் தோளுக்குப் பின்னால் மசுயோ கோப்பையைக் கீழே வைப்பது தெரிந்தது. தொகுஜி பேச்சை நிறுத்தியிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர். ஒருவரும் நேராகப் பார்க்கவில்லை. ஆனால் கூடத்தில் கரண்டிச் சத்தம்கூட இல்லை.

"அது அத்தையோட நம்பர்," என்றாள் கனாயே. "அவங்களைக் கேளுங்க."

"என்கிட்டகூடவா?"

"உங்ககிட்டகூட."

ஷூஹெய்யின் சிரிப்பு மெல்லக் கரைந்தது. மனைவி முகத்திலிருந்து அம்மா முகத்துக்குப் பார்வையைத் திருப்பினான். சுமியே சுவரைப் பார்த்தாள்.

"ஆனா வண்டியை எடுங்க," என்றாள் கனாயே. "பனி வண்டி இல்ல, நம்ம கார். அத்தையும் நானும் நகரத்துக்குப் போறோம். ஏன்னு கேக்காதீங்க. வேகமா ஓட்டுங்க."

அவன் சாவியைத் தேடிக்கொண்டே ஓடினான். கூட்டம் வழிவிட்டது.

"பெரிய ஆளாயிட்டே," என்று முணுமுணுத்தபடி சுமியே எழுந்தாள். "ஏப்ரனோடவா போக முடியும்? இரு, கழட்டிட்டு வரேன்."

கைகளைப் பின்னால் கொண்டுபோனாள். ஆயிரம் தடவை அவிழ்த்த முடிச்சு. ஒருமுறை இழுத்தாள், வரவில்லை. மறுமுறையும் வரவில்லை. "இது ஏன் இன்னிக்கு..." என்றாள் எரிச்சலோடு.

அவளுடைய வலது கை மட்டும்தான் முடிச்சைத் தேடிக்கொண்டிருந்தது. இடது கை எப்போதோ கீழே இறங்கித் தொடையோரம் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அது இறங்கியது சுமியேவுக்குத் தெரியவே இல்லை.